சோற்றை விட்டு கேப்பைக்கு மாறியும் சர்க்கரை குறையவில்லை, என்ன செய்வது?

காபிக்காடு, பண்ணைக்காடு:

எனக்கு 43 வயது. கீழ்மலையில் காபியும் ஊடுபயிராக மலைவாழையும் மிளகும் உள்ள சின்னத் தோட்டம். கூலி கட்டுபடியாகாததால் நானும் வீட்டுக்காரரும்தான் எல்லா வேலையும் பார்க்கிறோம். கொஞ்ச நாளாக ராத்திரியில் அடிக்கடி எழுந்து ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது, உடம்பும் இளைத்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெறும் வயிற்றில் 168, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 274, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற எண்) 8.4. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் எழுதிக் கொடுத்தார்கள். "மாவுச்சத்தைக் குறைங்க, சோறு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமியார், கேப்பையை விட்டால் வேறு மருந்தே இல்லை என்கிறார். சரி என்று மதியச் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு செம்பு கேப்பைக் கூழ் குடித்தேன். நாத்தனார் மகன் வாங்கிக் கொடுத்த மீட்டரில் பார்த்தால் 248. சோறு சாப்பிட்ட நாளிலும் ஏறக்குறைய அதேதான் காட்டியது. அப்படியானால் எதைத்தான் சாப்பிடுவது? கூடையோடு சரிவில் ஏறி இறங்குகிறவள் நான், வயிற்றைக் காயப்போட்டு வேலை செய்ய முடியாது. எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று யாராவது கணக்காகச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்து வாழைப்பழத்தையும் விட்டுவிட வேண்டுமா?

சோலைக்குருவி, கொடைக்கானல்:

முதலில் வரக்காப்பியைக் கவனியுங்கள். குளிருக்கு ஒரு நாளில் ஐந்தாறு தம்ளர் உள்ளே போய்விடும். தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் அதிலேயே 50 கிராம் ஆகிவிடுகிறது. கருப்பட்டியோ நாட்டுச்சர்க்கரையோ மலைத்தேனோ, எதைப் போட்டாலும் ரத்தத்தில் ஏறுவது சர்க்கரைதான். இனிப்பில்லாத காப்பிக்கு நாக்கு சீக்கிரமே பழகிவிடும். சாப்பாட்டுக் கணக்கை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பூண்டுக்காரி, மன்னவனூர்:

தங்கச்சி, பயப்படாதே. கேப்பை நல்ல தானியம், ஆனால் மருந்து இல்லை. எனக்கு 2012-இல் சர்க்கரை வந்தது. மேல்மலையில் உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிற குடும்பம் எங்களுடையது. தட்டில் சோறும் கிழங்கும் இல்லாத நாளே கிடையாது. அதனால் இந்தக் கணக்கோடு நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன்.

100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம். 100 கிராம் கேப்பை மாவில் 67. வித்தியாசம் அவ்வளவுதான். கேப்பையில் நாரும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம் என்பது உண்மை. ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி, பல்லுக்கு வேலையே இல்லாமல் செம்பு செம்பாகக் குடித்தால் விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். சாமை, தினை, கோதுமை எதுவானாலும் அளவு மீறினால் இதே கதைதான். எந்தத் தானியம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு, எதோடு சேர்த்து என்பதை முதலில் பார்.

அளவைக் கண்ணால் மதிப்பிட முடியாது. பூண்டு நிறுக்கிற தராசில் வெறும் தட்டை வைத்து, அதன் எடையைக் கழித்துவிட்டு, எப்போதும் சாப்பிடுகிற சோற்றைக் கரண்டி கரண்டியாகப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டி தலைதட்டினால் 80 கிராம் பிடித்தது. வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம், அப்படியென்றால் கரண்டிக்கு 22. மதியத்துக்கு ஆறு கரண்டி போட்டுக்கொள்வது என் வழக்கம். ஒரே வேளையில் 130 கிராமுக்கு மேல்! இப்போது இரண்டு கரண்டிதான். உன் வீட்டுக் கரண்டி எவ்வளவு பிடிக்கிறது என்று இன்றைக்கே நிறுத்துப் பார்.

வெறுமனே இரண்டு கரண்டி சோற்றோடு எழுந்துவிடவும் கூடாது. பொழுது சாய்வதற்குள் பசி பிடுங்கும், காட்டு வேலை ஓடாது. மீதி வயிற்றை எதை வைத்து நிரப்புகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு நம் மலையில் பஞ்சமே இல்லை. பீன்ஸ், முட்டைக்கோஸ், முள்ளங்கி, கீரை என்று எத்தனை இருக்கிறது! உங்கள் பக்கம் பந்தலில் தொங்குகிற சவ்சவ்வில் 100 கிராமுக்கு 5 கிராம் மாவுச்சத்துகூட வராது. இப்படிப்பட்ட காய் ஏதாவது தட்டில் பாதிக்கு இருக்கட்டும். கெட்டிப் பருப்பு, தட்டைப்பயறு, முட்டை, மீன், கோழி இவற்றில் கிடைத்தது கால்வாசி. மிச்சமிருக்கிற கால்வாசியில் சோறோ களியோ சப்பாத்தியோ உன் விருப்பம். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால் ஏற்றம் மட்டுப்படும். சாப்பிட்ட கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் மட்டுப்படும். "காலையிலிருந்து காட்டில்தானே கிடக்கிறோம், தனியாக நடை எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிற நேரத்தில் தசைகள் வேலை செய்தால் அவை அதை உடனே இழுத்துக்கொள்ளும். அதற்குத்தான் இந்த நடை.

உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதே. 100 கிராமுக்கு 17 முதல் 20 கிராம் மாவுச்சத்து உண்டு, அது சோற்றுக் கணக்கு. கிழங்குப் பொரியல் வைக்கிற நாளில் நான் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துவிடுவேன். கேரட்டுக்கு எல்லோரும் வீணாகப் பயப்படுகிறார்கள். 100 கிராமில் பத்துக்கு மேல் இல்லை.

உன் தோட்டத்துப் பழத்தை நீயே சாப்பிடக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. சின்ன மலைவாழை ஒன்றில் சுமார் 15 கிராம் வரும். சாப்பாட்டுக்கு மேலே சாப்பிடாமல், இடையில் பசிக்கிறபோது ஒரே ஒரு பழம், கூட ஒரு கைப்பிடி வேர்க்கடலை. நன்றாகக் கனிந்து கறுத்த பழத்தைவிடக் கொஞ்சம் கெட்டியான பழம் மேல். பஞ்சாமிர்தம் மட்டும் வேறு கணக்கு, பழத்தோடு நாட்டுச்சர்க்கரை, தேன், கற்கண்டு, பேரீச்சை எல்லாம் சேர்கிறது. பிரசாதமாக விரலில் தொட்டு வைத்துக்கொள்ளலாம், கிண்ணத்தில் வேண்டாம்.

ஸ்ட்ரிப் விலை உனக்கே தெரியும், கண்ட நேரத்தில் குத்திக் காசைக் கரைக்காதே. ஒரு வேளையைத் தேர்ந்தெடு. சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. முன்னால் 80 முதல் 130, பின்னால் 180-க்குள் என்பது பொதுவாகச் சொல்கிற இலக்கு. உன் டாக்டர் வேறு சொன்னால் அதைப் பிடி. எத்தனை கரண்டி, என்ன காய் என்று பக்கத்திலேயே எழுதி வை. அந்த நோட்டைக் காட்டினால் டாக்டரும் நின்று பேசுவார்.

கீழ்மலை செவிலி:

அக்கா சாப்பாட்டைச் சொல்லிவிட்டார், அதனால் மற்றதை மட்டும் சொல்கிறேன். நான் இந்த மலைக் கிராமங்களில் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிற செவிலியர்.

பழம் உரித்த கையோடு விரலைக் குத்தாதீர்கள். விரலில் ஒட்டிய பழச்சாறே மீட்டரில் பொய்யாக ஏற்றிக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். வெந்நீரில் கழுவினால் ரத்தமும் சுலபமாக வரும். பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, மார்கழி தை விடியலில் அதைக் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் சூடான இடத்தில் வைத்துவிட்டுப் பாருங்கள். மூடுபனி ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். எடுத்த உடனே டப்பாவை மூடிவிடுங்கள்.

மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் போடுங்கள், வயிற்றைப் புரட்டுவது குறையும். அதை மட்டும் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்குவது அபூர்வம். பின்னால் கிளைமிபிரைடு மாதிரி மாத்திரை சேர்த்தால் நிலைமை மாறும், சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போகவே கூடாது. வியர்த்து, நடுங்கி, படபடப்பு வந்து மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். குறைந்தே இருந்தால் இன்னொரு தடவை குடியுங்கள்.

காலைத் தினமும் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. மழைக்காலத்தில் காபிக்காட்டில் அட்டை கடிக்கும், சொறிந்து புண்ணாக்கிவிட்டு மறந்துவிடுவோம். சர்க்கரை உள்ள காலில் அப்படி விடக் கூடாது. செருப்பில்லாமல் இறங்காதீர்கள். கண்ணின் விழித்திரையையும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்பதையும் இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் எச்பிஏ1சி எண்ணே மாறிக் காட்டும். மாத்திரைக்காகக் கீழே இறங்கி அலைய வேண்டாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதிந்தால் வீட்டுக்கே வரும். உடம்பு மேலும் இளைத்தாலோ, வாந்தியோ கடும் தாகமோ இருந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.

காபிக்காடு, பண்ணைக்காடு:

அக்கா, எங்கள் வீட்டுக் கரண்டி 90 கிராம் பிடிக்கிறது! இரண்டு கரண்டி சோறு, சவ்சவ் கூட்டு, தட்டைப்பயற்றுக் குழம்பு, ஒரு முட்டை. கூட்டை முதலில் சாப்பிட்டேன். களத்துமேடு வரை நடந்துவிட்டு வந்து பார்த்ததில் 176. அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் வரை பசியும் இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. இரவில் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், இருந்தும் விடியலில் 150-க்குக் கீழே வரமாட்டேன் என்கிறது. ஏன்? பட்டர் ஃப்ரூட் சாப்பிடலாமா? இரண்டு மரம் நிறையக் காய்த்துக் கிடக்கிறது.

கீழ்மலை செவிலி:

விடியலில் ஏறுவது நேற்றைய சோற்றால் மட்டும் இல்லை. நாம் தூங்கும்போது கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் விடும், விடியல் நேரத்தில் சுரக்கிற சில ஹார்மோன்களால் அது கூடும். மெட்ஃபார்மின் வேலை செய்வது முக்கியமாக அந்தக் கல்லீரலில்தான். முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். இரவுச் சாப்பாட்டை இதற்கு மேலும் குறைக்காதீர்கள். எண்களை எழுதிக்கொண்டு போங்கள், மாத்திரை அளவை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

பூண்டுக்காரி, மன்னவனூர்:

176 என்று பார்த்ததும் எனக்கும் மனசு நிறைந்தது, தங்கச்சி. பட்டர் ஃப்ரூட் தாராளமாகச் சாப்பிடு. 100 கிராமில் மாவுச்சத்து 9 கிராமுக்குள், அதிலும் முக்கால்வாசி நார். பால், சர்க்கரை சேர்த்து அடித்து ஜூஸாக மட்டும் குடிக்காதே. கொழுப்பு அதிகம் என்பதால் ஒரு நாளைக்கு அரைப் பழம் போதும். உப்பும் உன் தோட்டத்து மிளகும் தூவிக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடு, மிச்சத்தைச் சந்தைக்கு அனுப்பு.