திருகோணமலை நகரம் நிலாவெளி வீதியோரம் நீண்டுகொண்டே போவது சரியா?

உவர்மலை ஆசிரியர்:

நகர எல்லையைக் கடந்து அலஸ்தோட்டம், உப்புவெளி, சாம்பல்தீவு வழியாக நிலாவெளி வரை வீடும் கடையும் விடுதியுமாக நீண்டு செல்லும் வீதியோரக் குடியிருப்பை இனியும் இப்படியே வளரவிடக் கூடாது என்பது என் கருத்து. உயர்தர வகுப்பில் பல ஆண்டுகளாகப் புவியியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இருநூறு வீடுகள் இரண்டு தெருக்களில் செறிந்திருந்தால் ஒரு குழாய்வழியும் ஒரு குப்பை வண்டியும் போதும். அதே இருநூறு வீடுகள் ஒரே வீதியில் ஒற்றை வரிசையாக நீண்டால் எல்லாச் செலவும் பல மடங்காகும்.

செலவைவிடப் பெரிய கவலை நிலத்தடி நீர். இந்தக் கரையோர மணலில் மழைநீர் உள்ளிறங்கி, கீழுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அதே மணலில் ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறும் ஒரு மலக்குழியும் தோண்டுகிறோம். மணல் நீரை விரைவாக வடியவிடும். அழுக்கைத் தேக்கி வைத்துச் சுத்திகரிக்க அதற்கு அவகாசமில்லை. மோட்டார் பூட்டி மிகையாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்த பிறகு, வடக்குக் கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது; அது பின்னர் தளர்த்தப்பட்டது. தளர்த்தியதால் கடல் பின்வாங்கிவிடவில்லை. நகருக்குள் ஒரு மாடியோடு நிற்கும் கட்டடங்களை மூன்று மாடியாக உயர்த்தினாலே புதிய குடும்பங்களில் கணிசமானோருக்கு இடம் கிடைக்கும்.

சாம்பல்தீவுவாசி:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கிணறு பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன்; எங்கள் கிணற்றிலும் கோடையில் உவர்ப்பு ஏறுவதை நாங்கள் நாக்கினால் அறிவோம். ஆனால் நாங்கள் ஏன் இங்கு வந்தோம் என்பதை நீங்கள் தொடவேயில்லை.

உங்கள் பாடநூலில் 1925 இல் பேர்ஜஸ் வரைந்த ஒருமைய வலய மாதிரி, அதாவது ஒரு மையத்தைச் சுற்றி நகரம் வட்ட வட்டமாக விரியும் என்ற படம், இருக்கும். சிக்காகோவுக்கு வரைந்த அந்த வட்டத்தைத் திருகோணமலையின் மேல் வைத்துப் பாருங்கள். கிழக்கே டச்சுக்குடாவும் பின்குடாவும், தென்மேற்கே உட்துறைமுகம். நடுவில் இருப்பது ஒரு நிலக்கழுத்து. அந்தக் கழுத்திலும் கோட்டை ஒரு பக்கம், கடற்படைத் தளம் மறுபக்கம். துறைமுகப் பட்டினங்கள் பொதுவாகத் துறையைச் சுற்றியே வளரும்: முதலில் இறங்குதுறை, அதன் பின்னால் பண்டகசாலை, பிறகு கடைத்தெரு, பிறகு வீடுகள். இங்கே அது நடக்கவில்லை, ஏனென்றால் இந்தத் துறைமுகம் வணிகத்திற்காக அல்ல, போருக்காகவே பேணப்பட்டது. பிரித்தானியர் கடற்படைத் தளத்தை 1957 இல் கையளித்த பிறகும் கரையை அடைத்த வேலிகள் பெரும்பாலும் அப்படியே நின்றன. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் மட்டும் 99. காட்டுக்குள் பரந்து கிடக்கும் அந்தத் தாங்கிப் பண்ணை ஏறத்தாழ 850 ஏக்கர். துறைமுகத்தை நோக்கி வளர முடியாத ஊர், திறந்திருந்த ஒரே வாசலான வடக்கு வீதியால் வெளியேறியது. எங்கள் குடும்பமும் இடம்பெயர்ந்து திரும்பியபோது நகருக்குள் ஐந்து பேர்ச் கேட்ட விலைக்கு இங்கே இருபது பேர்ச் கிடைத்தது. அதைப் பிழை என்று ஏற்க என்னால் முடியாது.

மாடி கட்டச் சொல்கிறீர்கள். மாடி கட்டக் காணி வைத்திருப்பவர் வேறு, வீடு தேடுபவர் வேறு.

ஓய்வுபெற்ற நில அளவையாளர்:

இருவரும் ஊர், நகரம் என்ற சொற்களை வேறுவேறு பொருளில் கையாள்வதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தால், சிறு பட்டினங்களை நிர்வகித்த பட்டின சபைகள் இல்லாமற் போயின. அதன் பின் இலங்கையில் மாநகரசபைக்கும் நகரசபைக்கும் உட்பட்ட நிலமே குடிசனக் கணக்கெடுப்பில் நகரம் எனப்படுகிறது. அதனாற்றான் 1981 இல் 21.5 வீதமாக இருந்த நாட்டின் நகர மக்கள் பங்கு, 2012 இல் 18.2 வீதம் என்று குறைந்து காட்டப்பட்டது. நகரங்கள் சுருங்கவில்லை, கோடுதான் மாறியது. உப்புவெளி ‘பட்டினமும் சூழலும்’ என்ற பிரதேச சபைக்குள் இருப்பதால், அங்கே நான்கு மாடி விடுதி நின்றாலும் கணக்கில் அது கிராமம். வடிகாலும் கழிவுநீர்த் திட்டமும் நகரத்தை எண்ணியே வகுக்கப்படும் நாட்டில், எல்லைக்கு வெளியே இருப்பவருக்கு மலக்குழியைத் தவிர வேறு வழி எது? ஆசிரியர் அவர்கள் குறையாகக் கண்டதில் ஒரு பகுதி மணலின் குற்றமல்ல, கோட்டின் குற்றம்.

கிண்ணியா வாசகர்:

திருகோணமலை என்றால் ஒரு மையம், அதிலிருந்து வடக்கே ஒரு வால் என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். நகரம் ஒன்றல்ல, பல மையங்களைச் சுற்றி வளரும் என்று 1945 இல் ஹரிஸும் உல்மனும் சொன்ன பல்கருக் கோட்பாடுதான் எங்கள் குடாவுக்குப் பொருந்தும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், சீனன்குடா என்று கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் சுற்றி ஏற்கனவே பல கருக்கள் உண்டு. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை நாங்கள் பாதையில் (மிதவைப் படகில்) ஏறித்தான் கடந்தோம். இரவில் நோயாளியோடு அக்கரையில் காத்திருந்த வீடுகள் இங்கு பல. இன்று மோட்டார் சைக்கிளில் நகருக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறோம். வடக்கே மணலில் நீளும் வளர்ச்சியின் ஒரு பங்கை இந்தக் கருக்களுக்குத் திருப்ப, பாடசாலையும் மருத்துவமனையும் அரச அலுவலகமும் இங்கே வலுப்பெற்றால் போதும்.

உவர்மலை ஆசிரியர்:

கிண்ணியா நண்பரின் கருத்தை ஓரளவுக்கே ஏற்கிறேன். அங்கும் நிலம் தாழ்வு, வயலும் கண்டலும் நெருங்கியிருக்கின்றன. நெற்காணியை நிரப்பி வீடு கட்டினால் வடகீழ்ப் பருவமழை நீர் அடுத்தவர் முற்றத்தில் நிற்கும். அளவையாளர் ஐயா சொன்ன எல்லைக் கோடு பற்றி நான் போதிய கவனம் செலுத்தவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்த எல்லைக் கோட்டை நிலாவெளிப் பக்கம் நகர்த்தினால் நிலத்தின் விலை ஏறும், விலை ஏறினால் வளவுகள் இன்னும் சிறிதாகப் பிளவுபடும், கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் குறையும். கழிவுநீர்க் குழாய் முதலில் வர வேண்டும், எல்லை பிறகு வரலாம்.

சாம்பல்தீவுவாசி:

குழாய் முதலில் வரட்டும் என்று நகரம் எப்போது காத்திருந்தது? கந்தளாயிலிருந்து வரும் குடிநீர்க் குழாய்கூட, மக்கள் குடியேறிய இடத்தைத் தேடித்தான் வந்தது. ஒன்றை மட்டும் உங்களோடு சேர்ந்து கேட்கத் தயார்: எங்கள் பக்கம் கிழக்கே கடல், மேற்கே களப்பு, நடுவில் வீதி. வீதிக்கும் கடலுக்கும் இடையில் புதிய கட்டடம் எதற்கும், அது வீடானாலும் விடுதியானாலும், அனுமதி வேண்டாம். வீதியின் மேற்கில், களப்பைத் தொடாமல், மேடான இடங்களில் ஒழுங்கைகளை உள்ளே திறந்தால் ஒற்றை வரிசை மூன்று வரிசையாகும். நீங்கள் கேட்ட செறிவு அங்கேயே கிடைக்கும்.

உவர்மலை ஆசிரியர்:

கடற்பக்கத் தடையை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் மேற்கே மேடு என்று நீங்கள் குறிப்பிடும் இடங்களில் எத்தனை, களப்பு நீர் கடலுக்கு வடியும் வெட்டுவாய் அடைபட்டு நீர் ஏறும் கார்த்திகை மார்கழியிலும் மேடாகவே இருக்கின்றன? அந்தப் பகுதியின் சமவுயரக் கோட்டுப் படத்தை அளவையாளர் ஐயா இங்கே பதிவிட்டால், எந்த ஒழுங்கையைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று வரிவரியாகப் பேசலாம்.