இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளத்துக்காகச் சங்கங்களும் கம்பனிகளும் செய்யும் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தான அன்று உங்கள் லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) என்ன நடந்தது?

லயத்துப்பையன்:
2019 ஜனவரி கடைசி. கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்திருந்தேன். நாள் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவிலிருந்து 700 என்று டிவியில் சொன்னதும் வெடி கொளுத்தினார்கள். ஆயிரம் கேட்டு மூன்று மாதம் முன்புதான் காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு நின்றவன் நான். மனம் கேட்கவில்லை. கலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். பழையது 500, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, தேயிலை விலைப் பங்கு 30, மொத்தம் 730. புதியதில் வரவுக்கும் உற்பத்திக்கும் ஒன்றுமில்லை. 700உம் விலைப் பங்கு 50உம், 750.

அம்மா மலையிலிருந்து வந்து விரலில் கொழுந்துக் கறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். "இருபது ரூபாதானா? எதையோ விட்டுட்ட, திருப்பிக் கூட்டு" என்றார். மூன்று தடவை கூட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஈரக் கையோடு குனிந்து தாளைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

மடுவத்துக்காரன்:
தம்பி, இருபது என்று மட்டும் சொல்வது பிழை. ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதி (EPF) அடிப்படைச் சம்பளத்துக்குத்தான். அது கூடினால் வேலையை விட்டு நிற்கும் காலத்தில் தெரியும். அந்த 140 எல்லோருக்கும் கிடைத்ததா என்ன? நான் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் தராசில் நின்றவன். நாள் அளவுக்கு ஒரு கிலோ குறைந்து ஒரு அக்காவுக்கு 140 போனது. அவர் தராசைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டிக்கோயா மகள்:
அண்ணே, கிலோக் கணக்கு 2019உடன் முடியவில்லை. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் வர்த்தமானியில் வந்தது, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. எங்கள் தோட்டத்தில் ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய 16 கிலோ 20 ஆனது. அம்மா 17 எடுத்தார், அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். தோட்டச் சங்கத் தலைவரிடம் போனோம். முன்பெல்லாம் ஒப்பந்தத்தைக் காட்டித் துரையிடம் பேசுவார். அன்று லாச்சியைத் திறந்து பழைய பிரதியை எடுத்தார், இரண்டு பக்கம் புரட்டினார், திரும்ப வைத்துவிட்டார்.

பழைய கணக்கப்பிள்ளை:
2016இல் ஒருவர் பே சிலிப்போடு வந்து சேமலாப நிதியில் சந்தேகம் கேட்டார். பார்க்காமலே அனுப்பிவிட்டேன். இன்னும் உறுத்துகிறது. ஆகவே பிள்ளைகள் இதைச் செய்யுங்கள். அம்மா அப்பாவின் சிலிப் ஒன்றையும் எறியாதீர்கள், மாத வரிசையில் கட்டி வையுங்கள். அடிப்படையில் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், கம்பனி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) கம்பனி இன்னும் 3 வீதம். இதைச் சிலிப்போடு ஒப்பிடுங்கள். குறைந்தால் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறையிடுங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அப்புறம் அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன்பே தோட்டக் கமிட்டியைக் கூட்டி, கிலோ அளவும் கோரிக்கையில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சம்பளத்தை மட்டும் பேசினால் தராசில் திருப்பி எடுத்துவிடுவார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள் கமிட்டியில் இல்லையென்றால் இது யாருக்கும் ஞாபகம் வராது.

லயத்துப்பையன்:
மடுவத்து அண்ணே, அந்த 8 வீதம் எங்கள் சம்பளத்தில்தான் வெட்டுப்படுகிறது. முன்பு 40, பிறகு 56. இருபதில் 16 அங்கேயே போய்விட்டது. வயதான காலத்துக்கு நல்லது, சரி. அந்த மாதம் கடையில் கடன் அப்படியேதான் நின்றது.

ஐயா, நீங்கள் சொன்னதால் தகரப் பெட்டியைக் கிளறினேன். சிலிப் ஒன்றும் இல்லை. அந்தக் கலண்டர் தாளை அம்மா மடித்து வைத்திருக்கிறார்.