முன்பின் தெரியாதவர் "ஒரு போன் பண்ணிக்கட்டுமா" என்று கேட்டபோது...

கடைசிரயில்:
ஒன்றரை வருடமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். இரவு 11 மணி தாண்டியிருக்கும், பிளாட்பாரத்தில் ஆள் அதிகம் இல்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, கையில் மடித்து மடித்து நைந்துபோன ஒரு துண்டுச்சீட்டு, அதில் ஒரு நம்பர். "ஒரு போன் பண்ணிக்கட்டுமாப்பா" என்றார். நான் யோசிக்கவே இல்லை, "சார்ஜ் தீர்ந்து ஆஃப் ஆயிடுச்சும்மா" என்று வாயில் வந்துவிட்டது. சொல்லி முடிக்கவில்லை, கையிலேயே போன் அடித்தது. திரை முழுக்க வெளிச்சம், என் மனைவியின் படம். அந்த அம்மா திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ரயில் வருகிறதா என்று பார்ப்பதுபோல் நின்றுகொண்டார். நான் கூசிப்போகக் கூடாது என்றுதான் அப்படி நின்றார், அது எனக்கு நன்றாகவே புரிந்தது. இரண்டு வார்த்தை பேசிவிட்டு நிமிர்ந்தால் அவர் பிளாட்பாரத்தின் கோடியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாம். கால் எழவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

வேப்பமரத்தடி:
எனக்கு நேர்மாறு. நான் கொடுத்தேன், கொடுத்ததுதான் இன்றுவரை விடாமல் துரத்துகிறது. பஸ் ஸ்டாப்பில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன், முதுகில் பை. பேசியது அரை நிமிடம்கூட இல்லை. "அம்மா, நான்தான். வர லேட்டாகும், நீ படுத்துக்கோ." அவ்வளவுதான். போனைச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான், நன்றி சொன்னான், போய்விட்டான். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த நம்பரிலிருந்து அழைப்பு. "தம்பி, என் பையன் கடைசியா இந்த நம்பர்லேர்ந்துதான் பேசினான். இன்னும் வீட்டுக்கு வரலை. உன்கிட்ட ஏதாவது சொன்னானா?" எனக்குத் தெரிந்தது அந்த அரை நிமிடம்தான், அதைத்தான் சொன்னேன். எந்த ஸ்டாப், எந்தப் பக்கம் போனான், பை என்ன நிறம் எல்லாம் கேட்டார். தினமும் அழைத்தார், ஆறு நாள். ஏழாம் நாள் அழைப்பு வரவில்லை. பையன் வந்துவிட்டானா, இல்லை வேறு ஏதாவது ஆகிவிட்டதா, எனக்குத் தெரியாது.

நட்டுபோல்ட்:
கடைசிரயில் சார், நீங்கள் கொடுக்காதது தப்பே இல்லை. இதை மனதில் போட்டு வதைத்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் ஒருவர் நல்ல சட்டை, நல்ல பேச்சு, "தம்பிக்கு ஒரு கால்" என்று வாங்கினார். ஏதோ அழுத்தினார், காதில் வைத்தார், "எடுக்கலைங்க" என்று கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் வரை எனக்கு ஒரு அழைப்பும் வரவில்லை, அதற்குள் வாட்ஸ்அப்பும் கையை விட்டுப் போய்விட்டது. டயல் பட்டியலில் பார்த்தால் *21* என்று தொடங்கி ஒரு நம்பர், கடைசியில் #. எனக்கு வரும் எல்லா அழைப்பையும் வேறு நம்பருக்குத் திருப்பிவிட்டிருந்தார். வாட்ஸ்அப் ஓடிபியை அழைப்பாகவும் கேட்டு வாங்கலாம் அல்லவா, அது நேராக அங்கே போய்விட்டது.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். போனைக் கையில் கொடுக்காதீர்கள். நம்பரைச் சொல்லச் சொல்லி நீங்களே போடுங்கள், ஸ்பீக்கரில் வையுங்கள். நம்பரில் நட்சத்திரமோ ஹேஷோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்திருந்தால் *#21# போட்டுப் பாருங்கள், அழைப்பு எங்காவது திரும்புகிறதா என்று காட்டும். ##002# போட்டால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும், பெரும்பாலான நெட்வொர்க்கில் வேலை செய்யும். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பின் நம்பரை இன்றே போடுங்கள். மேப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் ஐபோனில் கைடட் ஆக்சஸ் இருக்கிறது, 2012 முதலே உண்டு. ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங், 2014ல் வந்த 5.0 முதல். வெளியே வரக் கடவு எண் கேட்கும்படி அமைத்துக் கொடுத்தால், அந்த ஒரு ஆப்பை விட்டு அவர் வெளியே போக முடியாது. உண்மையிலேயே உயிர் ஆபத்து என்றால் பூட்டிய போனிலிருந்தே எமர்ஜென்சி அழைப்பு போகும், திறந்து கொடுக்கவே தேவையில்லை.

மழைக்குருவி:
நட்டுபோல்ட், உங்களுக்கு நடந்தது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் "ஸ்பீக்கரில் வையுங்கள்" என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். கேட்டு நின்றவள் நான், அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

பை தொலைந்துவிட்டது, போனும் அதில்தான். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் தம்பி நம்பர் ஒன்றுதான். ஆறு பேரிடம் கேட்டேன். ஒருவர் நான் வாயைத் திறப்பதற்குள் கையை ஆட்டி வேண்டாம் என்றார், பிச்சை கேட்கிறேன் என்று நினைத்திருப்பார். ஏழாவது ஆள் நீங்கள் சொன்ன மாதிரியே, "நம்பரைச் சொல்லுங்க, நான் போடுறேன்" என்று ஸ்பீக்கரில் போட்டார். தம்பி எடுக்கவில்லை. தெரியாத நம்பர், எப்படி எடுப்பான்? மூன்று முறை போட்டார், பிறகு அவராகவே "உங்க அக்கா பக்கத்துல இருக்காங்க, எடுங்க" என்று மெசேஜ் அனுப்பினார். அப்புறம்தான் எடுத்தான். அன்று நான் வீட்டை விட்டு வந்த நாள். ஏன் வந்தேன், கழுத்தில் என்ன காயம் என்பதையெல்லாம் தம்பி கேட்கக் கேட்க, ஒரு அந்நிய மனிதரின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பாதியில் அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனை என் கையில் வைத்து, நாலடி தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றார். அந்த நாலடிக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நட்டுபோல்ட்:
நாலடி போதும், என்னைவிட வேகமாக ஓடுகிறவனுக்கு. உங்களைச் சொல்லவில்லை. உங்களுக்கு அவர் செய்தது சரிதான், அந்த இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் கேட்கிறவர் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆறிலக்கம்:
எனக்கும் தெரியவில்லை. போனை வாங்கியவன் "லாக் ஆயிடுச்சு சார், நம்பர் என்ன" என்று கேட்டான், பக்கத்தில்தானே நிற்கிறான் என்று ஆறு எண்ணையும் என் வாயாலேயே வரிசையாகச் சொன்னேன். ஓடும்போது அவன் கையில் திரை எரிந்துகொண்டே போனது, அது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஆறு எண்ணை வைத்தே ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டான். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். ஐஓஎஸ் 17.3ல், 2024 ஜனவரியில், திருட்டுப் பாதுகாப்பு வசதி ஒன்று வந்தது. வீடு போன்ற பழக்கப்பட்ட இடத்தில் இல்லாதபோது கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமானால் முகம் காட்ட வேண்டும், ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். எனக்கு நடந்தது அதற்கு முந்தைய வருடம். ஐபோன் இருக்கிறவர்கள் செட்டிங்ஸில் போய் அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிரயில்:
மழைக்குருவி எழுதியதைப் படித்ததிலிருந்து அந்தத் துண்டுச்சீட்டில் இருந்தது யார் நம்பராக இருக்கும் என்றே ஓடிக்கொண்டிருக்கிறது. மகனா, தம்பியா. வேப்பமரத்தடி, அந்தப் பையனின் அம்மாவுக்கு நீங்கள் ஒரு முறை போட்டுப் பார்க்கலாமே?

வேப்பமரத்தடி:
நம்பர் இருக்கிறது, "அந்தப் பையன் அம்மா" என்று சேமித்து வைத்திருக்கிறேன். நாலைந்து முறை எடுத்துப் பார்த்தேன். நான் அழைத்தால் திரையில் என் நம்பர் வரும், அந்த ராத்திரி பையன் பேசிய அதே நம்பர். அவன்தான் என்று நினைத்து அவர் எடுப்பார்.