‘ஜாய்’ படத்து மாப்பு: 300 அடி நூலா, ரீலா?

செல்லூர்த் தறி:
நேற்று இங்கே ஒருவர் ‘ஜாய்’ (2015) படத்தைப் பார்த்துவிட்டு, “தொழில் தொடங்கும் பெண்களுக்கெல்லாம் இது பாடம்” என்று உருகியிருந்தார். பாடம் கிடக்கட்டும். அதில் நாயகி கண்டுபிடித்து விற்கிற, தரை துடைக்கும் மாப்பின் தலையில் 300 அடி பருத்தி நூலாம், அதுவும் ஒரே வளையமாம். நாயகியாக வரும் ஜெனிபர் லாரன்ஸ் அளந்துவிடுகிறார், ஒருத்தரும் கேட்கமாட்டீர்களா? பரம்பரைத் தறிக்காரன் நான் கேட்கிறேன்.

தெப்பக்குளம் ரசிகன்:
உருகியது நான்தான், நேராகவே திட்டலாம் அண்ணே. வீட்டை இரண்டாம் முறை அடமானம் வைக்கிறாள். டிவியில் விற்க வந்தவன் சொதப்பியதும் தானே கேமரா முன்னால் போய் நிற்கிறாள். வாய் வராமல் முழிப்பாளே, அந்தக் காட்சியிலும் உங்களுக்கு நூல்தான் தெரிந்ததா?

வில்லாபுரம் வள்ளி:
300 அடி என்றால் 100 கெஜம். ஒரு சிட்டம், அதாவது ஒரு கட்டுப் பருத்தி நூல், 840 கெஜம். எட்டில் ஒரு பங்குகூட இல்லை. பரம்பரைக்குக் கணக்கு வராதோ?

செல்லூர்த் தறி:
சிட்டக் கணக்கை எனக்கே சொல்கிறீர்களா? சேலை நூலும் மாப்பு நூலும் ஒன்றா? தடி நூலில் 300 அடி நனைத்துத் தூக்கிப் பாருங்கள், தோள்பட்டை இறங்கிவிடும்.

மாட்டுத்தாவணி மணி:
அதை விடுங்கள். இந்த அழுகாச்சிப் படத்துக்கு கோல்டன் குளோபில் நகைச்சுவைப் பிரிவில் நடிகை விருதாம். எனக்கு ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லை.

தெப்பக்குளம் ரசிகன்:
விவாகரத்தான புருஷன் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறான், அதே இடத்துக்கு அப்பாவும் மூட்டையோடு வந்து இறங்குகிறார். இதற்குச் சிரிக்காதவர் எதற்குத்தான் சிரிப்பார்?

மாட்டுத்தாவணி மணி:
நீங்கள் நல்ல படம் என்றதை நம்பிப் போன தடவை குடும்பத்தோடு தியேட்டருக்குப் போய் இடைவேளையிலேயே திரும்பியவன் நான். என்னிடம் ரசனை பேசவேண்டாம்.

செல்லூர்த் தறி:
பேச்சை மாற்றாதீர்கள். 300 அடிக்குப் பதில் எங்கே?

வில்லாபுரம் வள்ளி:
சுங்குடிச் சேலையில் ஆயிரக்கணக்கில் கையாலேயே முடிச்சு போடுகிறார்கள் நம்மூர்ப் பெண்கள். அதை நம்புவீர்கள். அமெரிக்காக்காரி நூலைச் சுற்றினால் மட்டும் ரீலா?

செல்லூர்த் தறி:
சுங்குடியை இதில் இழுக்காதீர்கள். அந்த மாப்பை வாங்கிப் பிரித்து, டேப் வைத்து அளந்து படம் போடுங்கள். அப்புறம் பேசுவோம்.

வில்லாபுரம் வள்ளி:
காசு யார் தருவது? போன பந்தயத்தில் தோற்ற ஜிகர்தண்டாவே இன்னும் வந்து சேரவில்லை.

செல்லூர்த் தறி:
ஜிகர்தண்டா வேறு, 300 அடி வேறு.