காரை உயரம் குறைச்சுப் பதிச்ச பிறகு துள்ளுது: ஸ்பிரிங்கா, சொக்கா?

நிலாவெளி_121:
கொரோலா 121. முன் ஸ்பிரிங்கில ஒவ்வொரு சுத்து வெட்டி 40 மிமீ அளவில பதிச்சிருக்கு. சொக் (ஸ்பிரிங் ஆடுறதை அடக்கிற ஷொக் அப்சோபர்) பழசுதான். நிலாவெளி ரோட்டில ஒரு மேடு ஏறினா மூண்டு தரம் துள்ளுது. என்ன மாத்தோணும்?

உப்புவெளி_கராஜ்:
ஸ்பிரிங்கை வெட்டினதுதான் வினை. வேலை செய்யிற சுத்து ஆறில ஒண்டு போனா ஸ்பிரிங் 20 வீதம் இறுகும், பழைய சொக் அதைப் பிடிக்காது. காஸில வெட்டியிருந்தா இன்னும் மோசம், சூட்டில உருக்கின்ர பதம் போயிடும். பதிக்கவெண்டே செய்த ஸ்பிரிங்கும் அதுக்கேத்த கட்டைச் சொக்கும் சோடியாப் போடுங்கோ.

கிண்ணியாப்பாலம்:
அண்ணை, கணக்குச் சரி, முடிவுதான் பிழை. ஸ்பிரிங் 20 வீதம் இறுகினா சொக்கில கூடத் தேவைப்படுறது 10 வீதம் மட்டில, வர்க்கமூலக் கணக்கு. நல்ல சொக் எண்டா அதுக்காக மூண்டு துள்ளல் வராது. ஒண்டில் சொக் செத்திட்டுது, இல்லாட்டி கார் பம்ப் ஸ்டொப்பில, அதாவது சொக் முழுக்க அமுங்காமத் தடுக்கிற றப்பர்க் கட்டையில, குந்திக்கொண்டு ஓடுது. மெதுவா ஆடி ஆடி அடங்கினா சொக். சின்ன மேட்டுக்கும் வெடுக்கெண்டு தூக்கியெறிஞ்சா பம்ப் ஸ்டொப்.

பொனட்டை அமத்திப் பாக்கிறதை நம்பாதேங்கோ, முழுசாச் செத்த சொக்கைத்தான் அது காட்டும். தூசி மூடியை உயத்தி, சொக் தண்டில கேபிள் டை ஒண்டைக் கட்டி, கீழ சொக் உடம்போட முட்டத் தள்ளிவிடுங்கோ. ஓடிவந்து பாக்கேக்க அது பம்ப் ஸ்டொப்பில ஏறி முட்டியிருந்தா சொக் அமுங்கிறதுக்கு உள்ள ஓட்டநீளம் காணாது. கந்தளாய்ப் பக்கம் நாலு பேரோட போனா இன்னும் குறையும்.

உப்புவெளி_கராஜ்:
பிறகு பம்ப் ஸ்டொப்பை வெட்டச் சொல்லுவீங்கள். சொக் உள்ளுக்க அடியில இடிச்சு வால்வு உடையும்.

கிண்ணியாப்பாலம்:
கண்டபடி வெட்டினாத்தான். ஸ்பிரிங் செய்தவன் குடுத்த அளவுக்கு, தட்டையான அடிப்பக்கத்தில வெட்டோணும், கூர்நுனி இருக்கோணும். கையால வெட்டின ஸ்பிரிங்குக்கு அந்த அளவே இல்லை, அதால அதில தொடவேண்டாம்.

லோவர் ஆர்ம் புஷ்ஷையும் பாருங்கோ, சில்லைப் பிடிக்கிற கீழ்க் கையின்ர றப்பர் அது. பழைய உயரத்தில இறுக்கின போல்டை அப்பிடியே விட்டா றப்பர் முறுகி நிண்டு தானும் ஒரு ஸ்பிரிங்காகும். போல்டை இளக்கி, சில்லு நிலத்தில நிக்கேக்க இறுக்கோணும். ஜக்கில தொங்கவிட்டு இறுக்கினா திரும்பவும் அதே கதை.

உப்புவெளி_கராஜ்:
புஷ் கதை சரி. ஜக் ஏத்தினா ஸ்பிரிங் அது குந்தியிருக்கிற தட்டில ஆடுதா எண்டும் பாருங்கோ. கையால சுத்த ஏலுமெண்டா காரை எடுக்கவேண்டாம், குழியில விழேக்க இடம்மாறிக் கழரும்.

நிலாவெளி_121:
டை ரெண்டு பக்கமும் பம்ப் ஸ்டொப்பில முட்டியிருக்கு. இடது சொக்கில ஒயில் வடிஞ்சிருக்கு. ஸ்பிரிங் ஆடேல்ல.

உப்புவெளி_கராஜ்:
முதலே சொன்னனான், சொக் எண்டு.

கிண்ணியாப்பாலம்:
முதல் சொன்னது ஸ்பிரிங் எண்டு, அண்ணை. தம்பி, ரெண்டு பக்கமும் கட்டைச் சொக், பதிக்கிற ஸ்பிரிங், புது பம்ப் ஸ்டொப். பழைய நீளச் சொக்கையே புதுசா வாங்கிப் போட்டா டை திரும்பவும் முட்டும். கடைசியா எலைன்மென்ட், சில்லுக் கோணம் சரிபாக்கிறது. டோ, அதாவது சில்லு உள்ளுக்கோ வெளியிலயோ திரும்பி நிக்கிற கோணம், மாறியிருக்கும், விட்டா ரயர் ஒருபக்கமாத் தேயும்.