ஹேட்ரியன் சுவரில் மைலுக்கு ஒரு வாயில் எதற்கு?

வரலாற்று வாசகன் (கேள்வி):
கி.பி. 122இல் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்த காலத்தில் தொடங்கப்பட்டு, டைன் ஆற்றங்கரையிலிருந்து சால்வே கழிமுகம் வரை ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீண்ட எல்லைச் சுவரைப் பற்றிப் படித்து வருகிறேன். பகைவரைத் தடுப்பதே நோக்கமென்றால், ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு குறுங்கோட்டையும் அதில் வடக்கு நோக்கிய வாயிலும் வைத்தது ஏன்? தமது ஆட்சிப் பகுதியான தெற்குப் பக்கத்திலும் ஓர் அகழியைத் தோண்டியிருக்கிறார்களே, அது யாருக்காக?

அகழ்மேடு:
முற்றுகையைத் தாங்கும் நகர மதிலாக இதைக் கருதுவதால்தான் ஐயம் எழுகிறது. ரோமானியப் படை திறந்த வெளியில் போரிடவே பழகியது. ஆடுமாடு மேய்ப்போரும் வணிகரும் படையினரின் கண்காணிப்பில் மட்டுமே எல்லையைக் கடக்க வேண்டும், சிறு கொள்ளைக் கூட்டங்கள் கால்நடைகளை எளிதில் ஓட்டிச் செல்லக் கூடாது என்பதே நோக்கமாக இருந்திருக்கும். அதற்கு வாயில்கள் தேவை. ஆனால் எல்லா வாயில்களும் யோசித்து வைக்கப்பட்டவை அல்ல. ஹவுஸ்டெட்ஸுக்கு அருகிலுள்ள 37ஆம் குறுங்கோட்டையின் வடக்கு வாயில் செங்குத்தான சரிவின் விளிம்பில் திறக்கிறது. நிலத்தைப் பாராமல் திட்டத்தை அப்படியே நிறைவேற்றிய படைத்துறைப் பிடிவாதம் என்றே அதைச் சொல்வேன்.

மலைக்காவல்:
மேலே உள்ள விளக்கம் முதல் திட்டத்துக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். தொடக்கத்தில் பெரும்படை சுவருக்குத் தெற்கே, கிழக்கு மேற்காகச் சென்ற ஸ்டேன்கேட் என்னும் ரோமானியச் சாலையையொட்டிய கோட்டைகளில் தங்குவதாக இருந்தது. பணி நடந்துகொண்டிருக்கும்போதே கோட்டைகளைச் சுவரின் மீதே அமைக்க முடிவாயிற்று. ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குள், அதற்காக இடிக்கப்பட்ட காவற்கோபுரத்தின் அடித்தளம் இன்றும் காணக் கிடைக்கிறது. குதிரைப்படை தங்கிய செஸ்டர்ஸ் கோட்டையோ சுவருக்குக் குறுக்கே நின்று, நான்கு பெருவாயில்களில் மூன்றைச் சுவருக்கு வடக்கே திறந்து வைத்திருந்தது. இது பதுங்கும் படையின் அமைப்பன்று, பாய்ந்து வெளியேறும் படையின் அமைப்பு.

தெற்கு அகழி ஏறக்குறைய 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் கொண்டது. இருபுறமும் மண்கரைகள் உண்டு. கோட்டைகள் வந்த இடங்களில் அது விலகி வளைந்து செல்வதால், கோட்டைகளுக்கு இடம் குறித்த பிறகே அதைத் தோண்டினார்கள் என்பது தெளிவு. அகழியைக் கடக்கும் வழிகள் பெரும்பாலும் கோட்டைகளுக்கு எதிரே மட்டுமே இருந்தமையால், உள்ளூர் மக்கள் படைப்பகுதிக்குள் நினைத்த இடத்தில் நுழைய முடியவில்லை. நீங்கள் கேட்ட மைல் வாயில்களின் பயனும் இதனால் பெரிதும் சுருங்கியிருக்கும்.

வரலாற்று வாசகன்:
இருவருக்கும் நன்றி. அக்கோட்டைகளில் எப்போதும் முழு எண்ணிக்கையில் வீரர்கள் இருந்தார்களா?

அகழ்மேடு:
சுவரைக் கட்டியவர்கள் மூன்று லீஜியன்களை, அதாவது ரோமானியக் குடிமக்களாலான பெரும்படைப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். காவலிருந்தவர்கள் பெரும்பாலும் குடியுரிமை இல்லாதவர்களிடமிருந்து திரட்டப்பட்ட துணைப்படையினர். சுவருக்குச் சற்றுத் தெற்கேயுள்ள விண்டோலாண்டா கோட்டையில், சுவர் எழுவதற்கு ஒரு தலைமுறை முன்பு எழுதப்பட்ட மரச்சீவல் ஏடு ஒன்று முதலாம் துங்கிரியப் படைப்பிரிவின் கணக்கைத் தருகிறது. மொத்தம் 752 பேர். அவர்களில் 456 பேர் வெளியூர்களில், அந்த 456 பேரிலும் 337 பேர் கோரியா என்னும் ஓரிடத்தில் மட்டும். முகாமில் எஞ்சிய 296 பேரில் 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயமுற்றோர், 10 பேர் கண்நோய் கண்டவர்கள். ஆக, பணிக்குத் தகுதியானோர் 265 பேர். நூற்றுவர் தலைவர்கள் ஆறு பேரில் ஒருவர் மட்டுமே முகாமில் இருந்தார். ஒருவர் லண்டன் வரை போயிருந்தார். பிற்காலக் கோட்டைகளிலும் நிலைமை பெரிதும் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.