உசைன் போல்ட்டையும் 400 மீட்டருக்குப் போகச் சொன்னாங்களா?

அல்சூர்_அப்பா:
பையனுக்கு 14 வயசு, இப்பவே 5 அடி 11 அங்குலம். ஒரு வருஷமா தினம் காலையில அஞ்சரைக்கெல்லாம் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம் டிராக்குக்குக் கூட்டிட்டுப் போறேன். 100 மீட்டர் 12.1 செகண்ட், 200 மீட்டர் 24.8. ரெண்டுமே கோச்சோட ஸ்டாப்வாட்ச் கணக்கு. இவன் பிளாக்கை (ஓட்டம் ஆரம்பிக்கறப்போ கால் வச்சு உந்தற கட்டை) விட்டு நிமிர்றதுக்குள்ள பக்கத்து லேன் பசங்க ரெண்டு எட்டு முன்னாடி போயிடறாங்க. "கால் நீளம், ஸ்டார்ட் வராது, 400-க்கு மாத்திடலாம்"ங்கறார் கோச். இவனோ "போல்ட்டுக்கும் இதையேதான் சொன்னாங்க"ன்னு முறைச்சுக்கிட்டு ரெண்டு நாளா அவரோட பேசறதில்லை. நிஜமாவே சொன்னாங்களா, இல்ல யூடியூப் கதையா?

சிவாஜிநகர்க்காரன்:
2014-ல யுவராஜ் சிங்கோட காட்சி கிரிக்கெட் ஆட சின்னசாமிக்கு வந்தப்போ போல்ட்டைப் பார்த்தேன். சும்மா நடந்து வந்தார், கூட வந்தவங்க ஓடவேண்டியிருந்தது. நமக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். மத்ததை ஆறாம் லேன் அண்ணன் வந்து சொல்லுவார்.

ஆறாம்_லேன்:
நடந்ததுதான் சார். போல்ட்டோட கோச் கிளென் மில்ஸ் அவரை 200-ஓட 400-ஐயும் சேர்த்து ஓடச் சொன்னார். போல்ட்டுக்கு 400 பயிற்சின்னாலே வேப்பங்காய். 100 குடுங்கன்னு நச்சரிச்சார். முதல்ல 200-ல ஜமைக்கா ரெக்கார்டை உடை, அப்புறம் பார்க்கலாம்னார் மில்ஸ். அது டான் குவாரி 1971-ல ஓடின 19.86. 2007 ஜூன்ல போல்ட் 19.75 ஓடிட்டு வந்து நின்னார். அடுத்த மாசமே கிரீஸ்ல 100 கிடைச்சது: 10.03. அடுத்த வருஷம் மே கடைசியில நியூயார்க்ல 9.72, உலக சாதனை! தம்பிகிட்ட இந்தக் கதையை முழுசா சொல்லுங்க. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தா மில்ஸ் 100 குடுத்திருக்க மாட்டார்.

உயரம் பத்தி: போல்ட்டும் நெட்டைதான். 2009 பெர்லின்ல அவர் 100 மீட்டர் உலக சாதனையா ஓடின 9.58 செகண்டை இருபது இருபது மீட்டரா வெட்டினா 2.88, 1.76, 1.67, 1.61, 1.66. கடைசி இருபதுல அவரே கொஞ்சம் தளர்றார் பாருங்க. நீளக் கால், மொத்தமே 41 எட்டு. நான் 5 அடி 6, தொண்ணூறுகள்ல ஒரு கம்பெனி டீமுக்கு ஓடினவன். முப்பது மீட்டர் வரைக்கும் நான்தான் ராஜா. அறுபதைத் தாண்டினதும் வலப்பக்கம் ஒரு நெட்டையனோட ஸ்பைக்ஸ் (ஆணி வச்ச ஷூ) சத்தம் கேக்கும், சர்க் சர்க்னு. என் எட்டைவிட நிதானமா விழும், ஆனா என்னைத் தாண்டிப் போயிடும்.

14 வயசுல எனக்கு வருஷம் பூரா ஸ்டார்ட், ஸ்டார்ட், ஸ்டார்ட்தான். ஹாம்ஸ்ட்ரிங் (தொடைப் பின்தசை) ரெண்டு தடவை போச்சு. வளர்ற பையனைப் பிளாக்ல போட்டு வதைக்காதீங்க. போல்ட்டும் 18 வயசுல 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல, கால் காயத்தோட ஓடி, 200 முதல் சுற்றுலயே வெளியே வந்தவர்தான். முதுகெலும்பு வேற பக்கவாட்டுல வளைஞ்சது. வயிறு, முதுகைப் பலப்படுத்தற பயிற்சியை அவர் விடவே முடியலை.

அப்புறம், கை ஸ்டாப்வாட்ச் நேரத்தை எலக்ட்ரானிக் (மெஷின்) நேரத்தோட ஒப்பிடணும்னா 0.24 கூட்டிக்குங்க. 12.1 இல்லை, 12.34.

ஜெயநகர்_ஜாகர்:
கோச்சையும் வில்லனாக்காதீங்க. 400 பயிற்சி 200-ஓட கடைசி ஐம்பதுக்கு உதவும். வேப்பங்காய்னு சொன்ன அதே போல்ட் 2007-ல 400-ஐ 45.28-ல ஓடியிருக்கார்.

அல்சூர்_அப்பா:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி படிச்சுக் காட்டினேன். 9.72-ஐயெல்லாம் அவன் காதுலயே வாங்கலை. "அப்போ என்னோட 19.86 எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்டான். இன்னிக்குக் காலையில அவனையே கோச்கிட்ட கேக்க வச்சேன். "200, 24.0. அதுவும் எலக்ட்ரானிக்ல"ன்னார் அவர். ஆறாம் லேன் சார் கணக்குப்படி இப்போ இவன் 25.04. வீட்டுக்கு வர்ற வழியில பைக்ல பின்னாடி உட்கார்ந்து, ஸ்பைக்ஸ்ல ரெண்டு ஆணி தேஞ்சுபோச்சு, மாத்தணும்னான்.